தியானத்திற்குத் துணையாகும் மணியோசை

மனத்தை ஒருமுகப்படுத்தும் அப்பியாசத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், உழைத்துப் பிழைப்பவர்களுக்கு அதற்கு நேரமேது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. நெசவாளருக்குத் தறியே தியானம், உழவருக்கு நிலமே தியானம் என்று சொல்லி இக்கேள்வியை முடித்துவிடுவோரும் உளர். கேட்பதற்கு இனிய சொல்லே. ஆயினும் முழு உண்மையன்று. கை நாடாவை ஓட்டிக்கொண்டிருக்க, மனம் நூலுக்கு வாங்கிய கடனைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பதை நெசவாளர் ஒவ்வொருவரும் அறிவர். மடை திறந்து நீர் பாய்ச்சுபவரின் உள்ளம் மடையில் இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் நாளைக் காலை தக்காளி என்ன விலைக்குப் போகும் என்பதில் இருக்கிறது. உழைப்பு மனத்தைக் குவிக்கலாம். உழைப்போடு வரும் கவலை அதைக் கலைத்துவிடுகிறது. ஆகவே, நாள்தோறும் சிறிது நேரம் கைவேலையை நிறுத்தி அமர்ந்திருப்பது நம்மவர்க்கும் வேண்டுவதே என்பது நமது கருத்து.

இக்கருத்துக்கு நெசவாளர் குலத்திலேயே சான்று இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் 1911ஆம் ஆண்டு எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, தாமும் தறியில் அமர்ந்து நெய்தவர். பின்னர் நெசவுத் தொழிலை நடத்தியும், இல்லறத்தில் இருந்துகொண்டும் தியானம் பயின்று, பிறருக்கும் பயிற்றுவித்தார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். 1984இல் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை உருவாக்கினார். 2006இல் அவர் மறைந்த பின்னும், மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடைபெற்று வருகின்றன. தறியை விட்டு ஓடிப்போய்த்தான் மனத்தை அறிய வேண்டும் என்ற நியதி இல்லை என்பதற்கு இவ்வரலாறு ஒன்றே போதும்.

கன்னிவாடிப் பகுதி அன்பர்களுக்கும் இது அந்நியமான சங்கதியன்று. பன்றிமலை அடிவாரத்துச் சோமலிங்க சுவாமி கோயிலையும், மெய்கண்ட சித்தர் பெயரால் வழங்கும் குகையையும் அறியாதார் இங்கே இலர். ஆனால் குகையில் அமர்ந்த சித்தருக்கும் நமக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. எழுந்திருக்க வேண்டிய வேளை இன்னதென்ற கவலை அவருக்கு இல்லை, நமக்கு உண்டு. நெய்த அளவுக்கே கூலி பெறுபவருக்கு அரை மணி நேரம் என்பது இத்தனை முழம் துணி. பூ எடுப்பவருக்கு அரை மணி தவறினால் சந்தை தவறும். கண்ணை மூடி அமர்ந்த சில நிமிடங்களுக்குள், 'நேரம் என்ன ஆயிற்றோ?' என்ற எண்ணம் எழுகிறது. ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்க்கிறோம். மூன்று நிமிடமே ஆகியிருக்கக் கண்டு மறுபடியும் மூடுகிறோம். பார்த்துப் பார்த்துச் சலித்து, ஒரு வாரத்தில் அப்பியாசத்தையே கைவிடுகிறோம். பலருடைய தியானம் நின்றுபோவதற்குக் காரணம் பக்திக் குறைவோ சோம்பலோ அன்று. நேரத்தைக் காக்கும் பொறுப்பையும் மனத்தின் தலையிலேயே சுமத்துவதுதான். அப்பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒரு காவற்காரன் வேண்டும். மணியோசை அத்தகைய காவற்காரன்.

இதில் புதுமை ஏதுமில்லை. நம் முன்னோர் நாள் ஒன்றை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். அடியில் நுண்ணிய துளையிட்ட செப்பு வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் நேரத்தைக் கொண்டு நாழிகையை அளந்தனர். அதை மணியடித்து ஊராருக்கு அறிவிக்கும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. சமணர்கள் சாமாயிகம் என்னும் தியான நோன்பை ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம் என்று வரையறுத்தார்கள். இன்றும் சமண இல்லறத்தார் அவ்வளவையே கைக்கொள்கிறார்கள். நம் மாவட்டத்தில் பழனியை அடுத்த ஐவர்மலையில் சமணச் சிற்பங்களையும், கி.பி. 870ஆம் ஆண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டையும் பார்த்தவர்கள், இந்நெறி நமக்கு எத்துணை அண்மையில் வாழ்ந்தது என்பதை உணர்வர்.

கடல்கடந்த ஜப்பான் தேசத்து ஜென் மடங்களிலோ, ஊதுபத்தி ஒன்று எரிந்து முடியும் நேரமே ஓர் அமர்வு. வத்தி தீர்ந்ததும் காவலர் மணியடிப்பார். மற்றவர்கள் நேரத்தைப் பற்றி எண்ணவே வேண்டியதில்லை. இம்முறையைக் காண ஜப்பானுக்குச் செல்ல வேண்டியதில்லை. கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையில், இயேசு சபைத் துறவியான அமா சாமி அவர்கள் 1996இல் நிறுவிய போதி ஜென்டோ என்னும் நிலையம் இருக்கிறது. அங்கே ஓர் அமர்வு 25 நிமிடம். நம் நாழிகைக்கும் அதற்கும் ஒரே ஒரு நிமிடந்தான் வித்தியாசம்! வெவ்வேறு தேசத்தார் வெவ்வேறு வழியில் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்து சேர்ந்திருப்பது சிந்திக்கத் தக்கது. ஜென் முறையில் பொதுவாக மூன்று மணி ஒலித்தால் அமர்வு தொடக்கம்; இரண்டு ஒலித்தால் எழுந்து மெல்ல நடத்தல்; ஒன்று ஒலித்தால் முடிவு. சொல்லின்றி ஓசையாலேயே எல்லாம் நடக்கும்.

காந்திகிராமத்தை அடுத்த செட்டியபட்டியில், கோயங்கா அவர்களின் முறைப்படி விபாசனா பயிற்றுவிக்கும் தம்ம மதுரா நிலையமும் இருக்கிறது. இம்முறையின் பத்து நாள் வகுப்புகளில் விடியற்காலை 4 மணிக்கே மணி ஒலித்துவிடும். நாள் முழுவதும் மணியே வழிநடத்தும். வருவோர் தம் கைபேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். இதை ஏன் குறிப்பிடுகிறோம் என்றால், அடுத்து நாம் சொல்லப் போவது கைபேசியையே தியானத்திற்குத் துணைகொள்வது பற்றி! முரண் நமக்கும் தெரிகிறது. ஆயினும் வீட்டில் மணியடிக்க ஆள் இல்லை. பத்து நாள் தறியை விட்டுப் போக எல்லோராலும் இயலாது. கைபேசியோ அநேகமாக எல்லார் மடியிலும் இருக்கிறது. அதனுள் ஆயிரம் கடைகள் திறந்திருக்கின்றன. அவற்றுள் மணியடிக்கும் ஒரு கடையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அடைப்பதே இப்பாடத்தின் சாரம்.

தியானத்திற்கென்று அமைந்த மணிச் செயலிகள் பல உண்டு. இன்சைட் டைமர் என்பது பலர் அறிந்தது. அதில் மணி வைக்கும் பகுதியைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். வியட்நாம் நாட்டு ஜென் துறவி திக் நாட் ஹான் 1982இல் பிரான்சில் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தின் செயலியும் இலவசமே. இவ்விரண்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே என்று கலங்க வேண்டாம். கைபேசியோடு கூடவே வரும் கடிகாரத்திலுள்ள டைமரே தொடக்கத்திற்குப் போதும். சொட்டுநீர்க் குழாய்க்கும் மோட்டாருக்கும் டைமர் வைத்துப் பழகிய நம் விவசாயிகளுக்கு இது ஒரு வித்தையே அன்று.

தனிச் செயலியை எடுத்துக்கொண்டால், அதில் நான்கு அமைப்புகள் இருக்கும். முதலாவது ஆயத்த நேரம்: பொத்தானை அழுத்தியபின் கைபேசியை வைத்துவிட்டு, காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி அமர்வதற்கு அரை நிமிடம். அடுத்தது தொடக்க மணி. அதன்பின் இடைமணி, இறுதியில் முடிவு மணி. ஜென் மடத்துக் கணக்கையே பின்பற்றித் தொடக்கத்திற்கு மூன்று, முடிவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இடைமணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பெரும்பாலோர் அதையே தவறாகக் கையாள்கிறார்கள். அமர்ந்திருக்கும்போது மனம் எங்கோ போய்விடும், போனதே தெரியாது. இடைமணி ஒலிக்கும்போது, 'ஓ, நாம் சந்தைக்கல்லவா போயிருந்தோம்!' என்று தெரியவரும். தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்பலாம். இதுவே அதன் பயன். நன்மை என்று எண்ணி நிமிடத்திற்கு ஒரு மணி வைத்தால், மனம் மூச்சை விட்டுவிட்டு அடுத்த மணிக்குக் காத்திருக்கும். பேருந்து நிலையத்தில் நிற்பவனுக்கு அமைதி உண்டோ? முதல் மாதம் 15 நிமிட அமர்வுக்கு ஐந்து நிமிடத்திற்கு ஒன்று வைக்கலாம். இரண்டாம் மாதம் நடுவில் ஒன்று மட்டும். அதன்பின் அமர்வை ஒரு நாழிகையாக உயர்த்தி, இடைமணியையே நீக்கிவிடலாம். பூ எடுப்பதற்காக நள்ளிரவு கடந்ததும் எழுகின்றவர்கள் மாலையில் அமர்ந்தால் தூக்கம் மேலிடும். அவர்களுக்கு மட்டும் நடுமணி எப்போதும் இருப்பது நல்லது.

ஓசையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. பெரிய வெண்கல மணியின் ஆழ்ந்த நாதம் செவிக்கு இனியது. ஆனால் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியிலிருந்து அவ்வாழ்ந்த ஒலி சரியாக வெளிப்படாது. பக்கத்து வீட்டில் தறி ஓடும் தெருவில் அது காதில் விழவே விழாது. கைமணி போன்று சற்று உயர்ந்த ஒலியாகவும், ஒலித்தபின் மெல்லத் தேய்ந்து மறைவதாகவும் இருப்பது நல்லது. திடீரென்று அலறும் அலார ஓசையை அறவே தவிர்க்க வேண்டும். அமைதியில் ஆழ்ந்தவரை அது நடுங்கச் செய்யும். விசைத்தறிக் கூடத்தின் அருகே அமர்பவர்களுக்கு எந்த ஓசையும் பயன்படாது. அவர்கள் அதிர்வு முறையை வைத்து, கைபேசியை மடியில் வைத்துக்கொள்வதே வழி.

இனி, கடைகளை அடைக்கும் காரியம். செயலிக்கு இணைய வசதி தேவைப்படாவிட்டால் கைபேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிடலாம். மணி ஒலிப்பதற்கு அது தடையன்று. வீட்டில் நோயாளி இருந்தாலோ, பிள்ளைகள் வெளியூரில் இருந்தாலோ, 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற நிலையை வைத்து, குறிப்பிட்ட சில எண்களின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். அந்நிலையில் அலார ஒலிக்கும் அனுமதி இருக்கிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்க. சில செயலிகள் அலார ஒலியளவையும் சில மீடியா ஒலியளவையும் பின்பற்றுவதால், ஒன்றை உயர்த்திவிட்டு மற்றொன்றை மறந்தால் மணி ஊமையாகிவிடும். திரை அணைந்ததும், பேட்டரியைச் சேமிப்பதாக எண்ணிக் கைபேசியே செயலியை நிறுத்திவிடுவதும் உண்டு. இவற்றையெல்லாம் அறிய ஒரு வழி இருக்கிறது: முதல் நாள் தியானத்திற்கு அமராமல், இரண்டு நிமிடத்திற்கு மணி வைத்துத் திரையை அணைத்துவிட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே மணி ஒலிக்கிறதா என்று கேளுங்கள். காவற்காரன் மேல் நம்பிக்கை வந்தபின் அமருங்கள். நம்பாத காவலை மனம் விடாது. கண் மறுபடியும் கடிகாரத்தைத் தேடும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஏழு நாள் இலவசம் என்று அழைக்கும் செயலிகளில், பணம் செலுத்தும் கணக்கை இணைத்தால் எட்டாம் நாள் தானாகவே ஆண்டுச் சந்தா பிடித்தம் செய்யப்படலாம். மணியடிக்க ஆண்டுச் சந்தா எதற்கு? அவ்வாறே, நேரம் காட்டும் ஒரு செயலி உங்கள் தொடர்பு எண்களையும் இருக்கும் இடத்தையும் அறிய அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். மற்றொன்று: சில செயலிகள் இத்தனை நாள் இடைவிடாது அமர்ந்தீர் என்று எண்ணிக்கை காட்டி நட்சத்திரம் வழங்கும். சிறுவர்க்கு ஊக்கம் தரலாம். பெரியவர்களுக்கு அது வேண்டாத மற்றொரு கணக்கு. கூலிக் கணக்கும் வட்டிக் கணக்கும் போதாதென்று தியானத்திற்கும் ஒரு கணக்கா?

அமரும் முறை மிக எளிது. தரையில் அமரலாம், குழித்தறிக்காரர்கள் முழங்கால் வலித்தால், வழக்கம்போல் குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தறிமேடையிலேயே அமரலாம். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனியுங்கள். இஷ்ட தெய்வத்தின் நாமத்தையோ, பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் பழகிய ஜெபத்தையோ மனத்துள் சொல்வதும் தக்கதே. மணிக்கு மதம் இல்லை. முடிவு மணி ஒலித்ததும் துள்ளி எழ வேண்டாம். ஓசை முற்றும் தேய்ந்து மறையும்வரை கேட்டிருந்து, பின் கண் திறவுங்கள். கைபேசியைக் கையில் எடுத்தவுடன் வந்த செய்திகளைப் பார்க்கத் தொடங்கினால், ஒரு நாழிகை சேர்த்ததை ஒரு நிமிடத்தில் இறைத்தவராவீர். முதலில் ஒரு வாய் தண்ணீர் அருந்திவிட்டுப் பாருங்கள்.

பிளம் வில்லேஜ் மடத்தில் மற்றொரு வழக்கம் உண்டு. வேலைக்கிடையே மணியோ கடிகாரமோ ஒலித்தால், எல்லாரும் செய்வதை அப்படியே நிறுத்தி, சில மூச்சுகளைக் கவனித்துவிட்டுத் தொடர்கிறார்கள். அவர்களுடைய செயலியிலும் இதற்கெனக் குறித்த இடைவெளியில் ஒலிக்கும் மணி இருக்கிறது. நம் தொழில்களில் இம்மணி முன்பே அமைந்திருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நாடாவில் தார் தீரும்போது தறி நின்றுதானே ஆக வேண்டும்? புதிய தாரைப் பொருத்துமுன் மூன்று மூச்சு. ஒரு பாத்தி நிறைந்து மடை மாற்றும்போது மண்வெட்டியில் கை ஊன்றி மூன்று மூச்சு. கூலியில் ஒரு காசும் குறையாது.

இதனால் விளையும் பயனை மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. 2014இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், 3,515 பேர் பங்குகொண்ட 47 ஆய்வுகளை ஒருசேர ஆராய்ந்து வெளியிட்டார்கள். தியானப் பயிற்சியால் மனக்கலக்கம், மனச்சோர்வு, உடல்வலி ஆகியவை ஓரளவு குறைகின்றன என்பது அதன் முடிவு. மருந்து, உடற்பயிற்சி முதலிய பிற முறைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அவர்களே எழுதினார்கள். ஆதலால், மருந்து உண்பவர்கள் அதை நிறுத்திவிட்டுத் தியானத்தை நம்புவது தகாது. கடன் சுமைக்கும் மணியோசை பரிகாரம் ஆகாது. அதற்குச் சங்கத்தையும் வங்கியையும் நாடிப் பேசியே தீரவேண்டும். பேசப் போகுமுன் படபடப்பை அடக்க அது உதவும், அவ்வளவே. கண்ணை மூடினால் துயரமோ அச்சமோ பெருகுகிறது என்று காண்பவர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டாம். எழுந்து நடக்கட்டும், நீடித்தால் மருத்துவரைக் காணட்டும். வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் தலைகாட்டினால், தம்முடைய எண்ணமாயினும் அண்டை வீட்டாருடைய எண்ணமாயினும், 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கும். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் பேசலாம்.

பொத்தான் வைத்த பழைய கைபேசியே உள்ளவர்கள் செயலி இல்லையே என்று வருந்த வேண்டாம். அதிலுள்ள அலாரத்தையே மென்மையான ஓசைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதுவும் இல்லாதவர் ஜென் மடத்து வழியைக் கைக்கொள்ளட்டும். கடையில் ஒரே கட்டு ஊதுபத்தி வாங்கி, காற்று வீசாத மூலையில் ஒன்றை ஏற்றி, அது எத்தனை நிமிடத்தில் எரிந்து முடிகிறது என்று ஒருமுறை கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். ஒரு நாழிகைக்கு மேல் நின்றால், வேண்டிய நீளத்திற்கு ஒடித்துக்கொள்க. கட்டிலுள்ள மற்ற வத்திகளும் ஏறக்குறைய அதே கணக்கில் எரியும். வத்தி அணைந்ததும் மணியடிக்க, வீட்டில் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்றை அமர்த்திக்கொள்ளலாம்; பூஜை மணியை அடிப்பதென்றால் எந்தப் பிள்ளைதான் மறுக்கும்?